அரை மைல் வாசனை

1951 வைகாசி, சனிக்கிழமை. மெர்லிமாவ்.

நான் காய்ச்சி இறக்கும் செராய் எண்ணெய்க்கு இந்த மலாக்காவிலேயே ஈடு கிடையாது. செராய் என்கிற வாசனைப் புல்லைத் தகரத்தில் அடைத்து, ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பேன். கொசுவும் அட்டையும் அண்டாது. புலிகூட ஒதுங்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா மகன் மணியத்துக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலை கிடைத்து ஒரு மாதந்தான் ஆகிறது. இன்றுதான் முதல் பதுங்கல் காவல். காட்டுக்காரர்கள், அதாவது துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்து திரியும் கம்யூனிஸ்ட்டுகள், வரும் வழியில் விடியவிடியப் புதருக்குள் அசையாமல் கிடக்க வேண்டும். கொசு பிய்த்துவிடுமே என்று கழுத்திலிருந்து கால்வரை நானே தேய்த்துவிட்டேன்.

சாயங்காலம் வழியனுப்ப நானும் கூடப் போனேன். எல்லாரும் வரிசையில் நின்றபோது மலாய்க்காரக் கார்ப்பரல் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன வாசனை இது? தூரத்துக்கு அடிக்குமா?"

மணியம் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அரை மைலுக்கு அடிக்கும் துவான்! என் கைச்சரக்குலா!"

"அப்போ காட்டுல இருக்கிறவனுக்கும் அடிக்கும். எல்லாரும் சாகவா? டேய், துப்பாக்கிய வெச்சிட்டு வீட்டுக்குப் போ. நீ வேணுமா வேணாமான்னு திங்கக்கிழமை பெரிய துரை சொல்லட்டும்."

மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த மணியம், "வாசனை பத்தடி தாண்டாத எண்ணெய்க்கு என் வேலைய குடுத்துட்டீங்களே மாமா" என்றான். அக்கா எனக்குச் சோறு போடவில்லை.

நாளைக்குக் கார்ப்பரலிடம் போய்க் குறைத்துச் சொல்ல வேண்டும். பத்தடி என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஐம்பது அடி என்று சொல்லலாம். காற்று அடித்தால் நூறு.