காலி ட்ரெய்லரை இழுத்துப் பார்த்து வண்டி வாங்காதே

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், என் முழங்கால் மட்டும் நல்லா இல்ல, அது தனிக் கதை. அங்க உன் ரெண்டு குதிரைங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டிருக்கும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, நீ சாப்பிட்டியா? போன வாரம் உங்கண்ணன் குடும்பத்தோட வந்துட்டுப் போனான். அவன் பொண்ணுக்கு முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சு, தாத்தாவும் பேத்தியும் பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சா ஒரே ஜாடை. அப்பா லாடம் அடிக்கிறதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, ஆனா சுத்தியலும் அரமும் இன்னும் சமையல்கட்டு மேஜை மேலதான் கிடக்கு. எடுத்து வைங்கன்னு கத்தினா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் எடுத்து வைக்கிறார்.

நீ அனுப்பின சிவப்பு வண்டிப் படத்தைப் பார்த்தோம். அழகாத்தான் இருக்கு. சொந்தமா குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கப் போறே, ஊர் ஊரா குதிரையை ஏத்திட்டுப் போகணும், நாலு சக்கரமும் இழுக்குற வண்டியாத்தான் வேணும், எல்லாம் சரி. ஆனா, காலி ட்ரெய்லரை மாட்டி ஓட்டிப் பார்த்தேம்மா, பின்னாடி ஒண்ணு வர்றதே தெரியல, மாசக் கடைசியில கையெழுத்துப் போடப் போறேன்னு எழுதியிருந்தே பாரு, அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல. போன்ல சொல்லலாம்னு ரெண்டு தடவை கையில எடுத்தேன். நீ குறுக்க குறுக்க பேசுவே, நான் அழுதுடுவேன். அதான் பேப்பரை எடுத்துட்டேன்.

நானும் அப்பாவும் வேலை பார்த்த குதிரைப் பள்ளியில நான் ஓட்டின அந்தச் சாம்பல் கலர் வண்டி உனக்கு ஞாபகம் இருக்கா? ஹீட்டர் போட்டா ஈர வைக்கோல் வாசனை வரும். மேடு ஏறும்போது கிழவன் மாதிரி முனகும், ஆனா ஏறாம விட்டதில்ல. நீ எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல சாக்கை மடிச்சுப் போட்டு உட்கார்ந்துட்டு, எதிர்ல வர்ற ஒவ்வொரு லாரிக்கும் கையாட்டுவே. புதுக் குதிரை எது வந்தாலும் ட்ரெய்லரோட மரக்கடைக்குப் போய் எடைமேடை மேல ஏத்திடுவோம். உங்கப்பா மட்டும் தன் எடையும் சேர்ந்துடும்னு குதிச்சு இறங்கி ஓரமா நிப்பார். அப்ப எங்க எடை மட்டும் சேரலாமான்னு கேட்டா, நீங்க ரெண்டு பேரும் எப்படியும் போறவங்கதானேன்னு அந்த எடைக்காரர் சிரிப்பார். என்ன காலம்டி அது! இப்பவும் எங்கயாவது டீசல் வாசனை அடிச்சா நின்னுடுறேன்.

இனிமே எழுதுறதை நிதானமாப் படி. ஆறு வயசுல நீ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சே, எங்கம்மா வண்டியை ராட்டினம் மாதிரி ஒரு சுத்து சுத்தினாங்கன்னு. அது விளையாட்டு இல்ல கண்ணு. அன்னைக்குப் பழைய வண்டி கியர் பாக்ஸ் வேலைக்காகப் பட்டறையில நின்னுச்சு, மறுநாள் போட்டி. முதலாளி தன் சொந்த வண்டியைக் கொடுத்தார், புதுசு, சின்னது, உன் சிவப்பு வண்டி மாதிரியே. நான் காலி ட்ரெய்லரை மாட்டி மைதானத்துல ரெண்டு ரவுண்டு அடிச்சேன், பூ மாதிரி வந்துச்சு. எடை போட்டுப் பார்த்துட்டுப் போ, இல்லேன்னா பழைய வண்டி வரட்டும்னு உங்கப்பா சொன்னார். லாடம் அடிக்கிற ஆளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். அந்த வாயைத் தைச்சிருக்கணும். உனக்குப் பிடிச்ச குதிரை சீமாட்டியை ஏத்திட்டு உன்னைப் பக்கத்துல உட்கார வச்சுக் கிளம்பிட்டேன். அந்த நீள இறக்கத்துல ட்ரெய்லர் இப்படியும் அப்படியும் வாலாட்ட ஆரம்பிச்சுது. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு ஸ்டீயரிங்கை நேராப் பிடிக்கணும்னு பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவ நான். பயத்துல ஓங்கி பிரேக் அடிச்சேன். பின்னாடி இருந்த கனம் முன்னாடி இருந்த வண்டியைத் தூக்கிச் சுத்தி, வந்த வழியைப் பார்த்து நிறுத்திடுச்சு. நீ கைதட்டி, இன்னொரு தடவைம்மான்னே.

ட்ரெய்லர் கவிழ்ந்து கிடந்துச்சு. சீமாட்டி வேற பண்ணைக்குப் போயிடுச்சுன்னு உன்கிட்ட சொன்னது பொய். அதுக்கு முன்னங்கால் உடைஞ்சுபோச்சு. டாக்டர் வந்து பார்த்துட்டு, வேற வழி இல்லேன்னு ஊசி போட்டார். முந்தின வாரம்தான் அந்தக் காலுக்கு லாடம் அடிச்ச உங்கப்பா, கடைசி வரைக்கும் அது தலையை மடியில வச்சிருந்தார். அதுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லி நீ தந்த கேரட்டெல்லாம் மத்த குதிரைங்க தின்னுச்சு. இன்னொண்ணும் சொல்லிடுறேன். உனக்கு ஒரு கீறல்கூட இல்லேன்னு பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்துச்சு, பின்னாடி அது கத்திட்டிருக்கும்போதே வந்துச்சு. அதை நினைச்சா இன்னும் வெக்கமா இருக்கு. முழங்கால் வலின்னு சொல்லித்தான் வண்டி ஓட்டுறதை விட்டேன். முழங்கால் வலி வந்தது அதுக்கு எட்டு வருஷம் கழிச்சு. இருபத்திரெண்டு வருஷத்துல உங்கப்பா ஒரு தடவைகூட, அன்னைக்கே சொன்னேனேன்னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா நானும் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

அதனால கேளு. நாலு சக்கரமும் இழுக்குறது சேத்துல இருந்து வெளிய வர்றதுக்கு. இறக்கத்துல உன்னைக் காப்பாத்துறது வண்டியோட சொந்தக் கனமும் ட்ரெய்லரோட சொந்த பிரேக்கும்தான். இவ்வளவு இழுக்கும்னு கம்பெனிக்காரன் எழுதியிருப்பான், அந்த எல்லை வரைக்கும் போய் நிக்காதே, தாராளமா மிச்சம் விடு. உன் ரெண்டு குதிரையே ஆயிரம் கிலோவைத் தாண்டும், அதோட ட்ரெய்லர், சேணம், தண்ணி, வைக்கோல் எல்லாம் இருக்கு. ரெண்டாவதா ஒரு பழைய நீல வண்டிப் படம் அனுப்பி, பாக்க நல்லாவே இல்லம்மான்னு எழுதினியே, நீளமா, கனமா, டீசல் எஞ்சினோட, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. வண்டியைப் பார்த்து ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். ஆனா நான் சொல்றேன்னு அதையும் கண்ணை மூடிட்டு வாங்காதே. குதிரைங்களை ஏத்தி, எடை போட்டு, பின்பக்கம் எவ்வளவு தாழுதுன்னு பார்த்து, ஒரு இறக்கத்துல மெதுவா இறக்கிப் பார்க்கணும்.

அதை நீ தனியா செய்ய வேண்டாம். அடுத்த வாரம் நான் கிளம்பி வர்றேன், ஸ்டீயரிங்கை நான் பிடிக்கிறேன். நேத்து உங்கப்பாகிட்ட இதைச் சொன்னேன். கிண்டல் பண்ணுவார்னு நினைச்சேன். எழுந்து போய் பீரோவைத் திறந்து என் டிரைவிங் லைசென்ஸைக் கொண்டு வந்து கையில கொடுத்தார். காலாவதியாகிக் குப்பையா போயிருக்கும்னு நான் நினைச்சிருந்தேன். அவர் நீட்டுற காகிதத்துல எல்லாம் எதுக்குன்னு கேக்காம கையெழுத்துப் போடுறவதானே நான்? ஒவ்வொரு தடவையும் தேதி தவறாம புதுப்பிச்சு வச்சிருக்கார்டி அந்த மனுஷன்.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும், உன் குதிரைங்களும் நல்லா இருக்கணும். நான் வந்து சேர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா