நிதானம் டிரேடிங் அகாடமி: சூதாட்டமா, வியாபாரமா என்று கேட்டு மூன்றாவது மனு

அனுப்புநர்:
கோ. இளமதி (வயது 24),
த/பெ. கோவிந்தசாமி,
கிள்ளை, சிதம்பரம் வட்டம்.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
கடலூர் மாவட்டம்.

பொருள்: கிரிப்டோ வர்த்தகப் பயிற்சி என்ற பெயரில் மோசடி – வழக்குப் பதியக் கோருதல்.

பார்வை: எனது மனுக்கள், நாள் 08.10.2025 மற்றும் 22.10.2025. பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சிதம்பரத்தில் இயங்கும் 'நிதானம் டிரேடிங் அகாடமி' என் அண்ணன் செந்தமிழ்செல்வனை ஏமாற்றியது. எங்கள் பகுதிக் காவல் நிலையம் வழக்குப் பதிய மறுத்தது.

2. அண்ணன் பரங்கிப்பேட்டையில் ஓர் ஐஸ் பிளாண்டில் வேலை செய்பவன். கிரிப்டோவைச் சூதாட்டமாக இல்லாமல் கட்டுப்பாடாகச் செய்யக் கற்றுத் தருகிறோம் என்றதால் சேர்ந்தான். வகுப்பு தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நின்று "நான் சூதாடி அல்ல" என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். ஏன் வாங்குகிறோம், எவ்வளவு நட்டம் வந்தால் விற்போம் என்று முன்கூட்டியே நோட்டில் எழுத வேண்டும். ஏழு மாதம் அவன் ஒரு நாளும் தவறவில்லை.

3. 14.09.2025 அன்று, வாங்கிய கிரிப்டோ நாணயம் விலையில் நூற்றுக்கு இரண்டு இறங்கினால் தானாக விற்கும்படி அவர்களுடைய செயலியில் பதிந்திருந்தான். விலை இறங்கத் தொடங்கியதும் செயலி நாற்பது நிமிடம் வேலை செய்யவில்லை. திரும்ப வந்தபோது அடிமட்ட விலைக்கு விற்றுவிட்டதாகக் காட்டியது. வீடு கட்ட வைத்திருந்த மூன்று லட்சமும் போனது. வேறு மூன்று செயலிகளில் அதே நாணயம் அன்று அந்த விலைக்கு இறங்கவே இல்லை.

4. நிலைய எழுத்தர் சொன்னது: "ஏம்மா, சூதாடித் தோத்துட்டு இங்க வந்து கேஸ் போடுன்னா எப்புடி?" அப்படியானால் அகாடமியை மூடுங்கள் என்றேன். "அது பிசினஸும்மா. ஜிஎஸ்டி கட்றாங்க" என்றார். இரண்டு பதிலுக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

5. இதே நிலையம் கடந்த காணும் பொங்கலன்று சவுக்குத் தோப்பில் சீட்டாடிய என் அப்பாவையும் நால்வரையும் பிடித்தது. பந்தயப் பணம் அறுநூற்று நாற்பது ரூபாய். தரையில் உட்காரவைத்துப் படமெடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். அப்பா ஆடியது சூதாட்டம்தான், அபராதம் கட்டினார். அதில் எனக்குப் புகார் இல்லை. தோப்பில் ஆடியவருக்குத் தரை, ஏசி அறையில் ஆட்டிவைப்பவருக்கு நாற்காலி என்பதுதான் என் புகார்.

6. அண்ணன் வேலைக்குப் போய் இரண்டு மாதமாகிறது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கத்தில் தவறினேன் என்று தேடுகிறான். தவறு உன்னுடையதல்ல என்று நான் சொன்னால் ஏற்பதில்லை. அண்ணி ஸ்ரீமதி அவனைத் தனியே விட்டுவிட்டுக் கடைக்குக்கூடப் போவதில்லை. முதல் தகவல் அறிக்கை ஒன்று கையில் இருந்தால் அதையாவது நம்புவான்.

7. ஆகவே, அது வியாபாரம் என்றால் மோசடி வழக்குப் பதிந்து அவர்களின் வங்கிக் கணக்கை முடக்குங்கள். சூதாட்டம் என்றால் அப்பாவை உட்காரவைத்த அதே தரையில் அவர்களையும் உட்காரவையுங்கள். இரண்டில் எது என்று கையெழுத்தும் முத்திரையும் இட்டு எழுத்தில் தாருங்கள். கடந்த இரண்டு முறையும் இதைத்தான் கேட்டேன்.

இணைப்பு: செயலிகளின் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்) 4, நோட்டின் நகல் 61 பக்கம்.

இடம்: கடலூர்
நாள்: 12.11.2025

இப்படிக்கு,
(ஒப்பம்) கோ. இளமதி