அடுத்தவர் புல்வெளிப் பனி

லீபாஸ் பண்ணை
27 ஜூன் 1936

அன்புள்ள அர்விட்ஸ்,

வெல்டாவும் நானும் இருக்கிறோம். 'நலம்' என்று எழுதத்தான் கை வரவில்லை.

கோடைத் திருநாளின் லீகோ மாலை நன்றாகவே போயிற்று. உன் அம்மா சீரகம் போட்டுப் பாலாடைக்கட்டி பிடித்தார். பசுக்களுக்கெல்லாம் பூமாலை சூட்டினேன். தொழுவ வாசலில் கெட்டது அண்டாமல் முட்செடி செருகினேன். பட்டாளத்தில் இருப்பவனுக்கும் விடாமல் ஓக் இலைக் கிரீடம் கட்டி உன் கட்டில் தலைமாட்டில் மாட்டியிருக்கிறேன்.

வினை மறுநாள், யானித் திருநாள் காலையில் வந்தது. குழந்தை வெல்டாவுக்கு வசந்தத்திலிருந்தே கண் பீளை தள்ளுகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? உன் அம்மாதான் சொன்னார்: "யானிக் காலைப் பனியை எடுத்துத் தொடச்சு விடு, ஸெல்மா. கண்ணாடி மாதிரி தெளிஞ்சிரும்." நம் மேய்ச்சலில் பசுக்கள் புல்லை ஒட்ட மேய்ந்துவிட்டன, பனி தங்க இடமில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் பெர்கிஸின் புல்வெளி இடுப்பளவு நிற்கிறது. துணியை அதன் மேல் இழுத்துப் பிழிந்தேன். ஒரு குவளை கிடைத்தது.

நிமிர்ந்து பார்த்தால் பெர்கிஸ் நிற்கிறார். தொப்பியைக் கழற்றவில்லை. அன்று மாலையே அவருடைய சிவப்புப் பசு பால் மறுத்துவிட்டதாம். நம் முற்றத்துக்கு வந்து கத்தினார்: "எம் புல்லுல துணிய இழுத்து எம் பாலப் பிழிஞ்சுட்டுப் போயிட்டா உங்க மருமக! எதுக்கு இழுப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"

உன் அம்மா பக்கத்தில்தான் நின்றார். "நான்தான் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. உள்ளே போய் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

நீ இரண்டு கடிதம் எழுது. ஒன்று பெர்கிஸுக்கு, இன்னொன்று அம்மாவுக்கு. உன் வார்த்தை என்றால் இருவரும் கேட்பார்கள்.

உன் ஸெல்மா

---

டௌகவ்பில்ஸ், படைமுகாம்
4 ஜூலை

என் ஸெல்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். இந்தக் காலத்திலும் சூனியமா! இங்கே காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பட்டாணிக் கஞ்சி. முடிந்தால் இதற்கு யாராவது ஒரு சூனியம் வைக்கச் சொல்.

பெர்கிஸ் முரடர்தான், ஆனால் கெட்டவர் இல்லை. புல்லறுப்புக்கு அவருடைய குதிரை இல்லாமல் நமக்கு ஆகாது. ஒரு பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டு போய் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வா. மன்னிப்பு கேட்டால் குறைந்தா போய்விடுவாய்? நீயும் கேட்காமல் அவர் நிலத்தில் இறங்கியிருக்கக் கூடாது.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது. பொறுத்துக்கொள். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. இங்கே தரை ஈரம்.

வெல்டாவுக்கு முத்தம்.
அர்விட்ஸ்

---

லீபாஸ்
10 ஜூலை

அர்விட்ஸ்,

காலுறை இத்துடன் வருகிறது. மன்னிப்பு கேட்கப் போகவில்லை, போகவும் மாட்டேன். எதற்கு மன்னிப்பு? புல்லின் மேல் இருந்த ஈரத்துக்கா? போனால் 'ஆமாம், செய்தேன்' என்று நானே ஒப்புக்கொண்டதாகாதா? இது உனக்குப் புரியவில்லையா, புரிந்தும் குதிரைதான் பெரிதாகப் படுகிறதா?

பால்வண்டி வரும் முனைக்கு நான் கேனைத் தூக்கிக்கொண்டு போனால், மற்றவர்கள் தங்கள் கேன்களை நகர்த்தி வைக்கிறார்கள். நேற்று வரப்புக்கு அந்தப் பக்கம் புல்லறுக்க வந்த பெண்கள் என் காதுபடவே பாடினார்கள்:

"வேலி தாண்டி வந்தாளாம், வெள்ளைத் துணி விரிச்சாளாம்,
அடுத்த வீட்டுப் பாலையெல்லாம் முறுக்கி முறுக்கிப் பிழிஞ்சாளாம்!"

லீகோவில் ஒருவரையொருவர் கிண்டல் பாடுவது வழக்கம்தான், நானும் பாடியிருக்கிறேன். ஆனால் லீகோ முடிந்து எத்தனை நாளாகிறது!

உன் அம்மாவிடம் நேராகவே கேட்டேன். "அத்தை, நீங்கதானே பனியை எடுக்கச் சொன்னீங்க?" அவர் சொன்னது: "எடுன்னுதான் சொன்னேன். அடுத்தவன் புல்லுலயா எடுக்கச் சொன்னேன்?" அப்புறம் வெல்டாவை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு, "நானே பாத்துக்கறேன். நீ தொழுவத்துப் பக்கம் போகாத. நம்ம மாடாவது நல்லாருக்கட்டும்" என்றார். இரண்டு வருடமாக இந்தத் தொழுவத்தில் நான்தான் பால் கறக்கிறேன், அர்விட்ஸ்.

குழந்தையின் இடது கண் காலையில் ஒட்டிக்கொள்கிறது. வல்மியெராவில் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றால், "வண்டி கெடையாது" என்கிறார் உன் அம்மா.

சிரித்தேன் என்று எழுதாதே. அந்த இரண்டு கடிதத்தையும் எழுது.

ஸெல்மா

---

டௌகவ்பில்ஸ்
18 ஜூலை

ஸெல்மா,

காலுறை கிடைத்தது. அளவு சரியாக இருக்கிறது.

அம்மாவின் கடிதமும் வந்தது. பனியைப் பற்றித் தான் பேசவே இல்லை என்கிறார். நீ வேறு சொல்கிறாய். இங்கே உட்கார்ந்துகொண்டு நான் யாரை நம்புவது? ஊரில் எல்லோரும் என் மனைவியின் பெயரைத் தவறாகப் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இரண்டு பெண்களுக்கு நடுவில் என்னை நிறுத்தாதே என்றுதான் கேட்கிறேன்.

ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதே. அந்தத் துணியை இழுத்தபோது வாயில் ஏதாவது சொன்னாயா? இந்த மாதிரி விஷயங்களை நான் நம்புகிறவன் இல்லை, உனக்கே தெரியும். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடு. சொன்னாய் என்றால் சொன்னாய், நான் மறந்துவிடுகிறேன். தெரிந்துகொண்டால் நிம்மதியாகத் தூங்குவேன்.

இலையுதிர் காலத்தில் விடுப்பு கிடைக்கும். அதுவரை அம்மாவை அனுசரித்துப் போ.

அர்விட்ஸ்

---

வல்மியெரா, ஆற்றோரத் தெரு, அக்கா வீடு
2 ஆகஸ்ட்

அர்விட்ஸ்,

முகவரியைப் பார்த்திருப்பாய். வந்து ஒரு வாரம் ஆகிறது.

உன் கடிதம் கையில் இருந்தபோதுதான் பெர்கிஸ் வந்தார். இந்த முறை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சிவப்புப் பசுவுக்குக் காம்பின் அடியில் வேலிக்கம்பி கீறி ஒரு புண் இருந்திருக்கிறது. வலி தாங்காமல்தான் பால் கொடுக்காமல் உதைத்திருக்கிறது. அவர் மனைவி கண்டுபிடித்துக் களிம்பு போட, புண் ஆறி இப்போது வாளி நிறையக் கறக்கிறதாம். "எம் புத்திய செருப்பால அடிக்கணும் தாயி. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். பால்வண்டிக்காரங்க அத்தன பேர்கிட்டயும் நானே சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத" என்றார். குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டு அவரே வண்டி கட்டினார். அந்தக் குதிரைதான் எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

கிளம்பும்போது உன் அம்மா வாசலுக்கு வந்தார். "எங்க போற? புல்லு அறுக்காம கெடக்கு" என்றார். அவ்வளவுதான்.

டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். இடது கண் திறந்துவிட்டது, பார்வைக்குப் பழுதில்லை. வலதில் இன்னும் சிவப்பு இருக்கிறது. பனிநீர் எதற்கும் உதவியதா என்று கேட்டேன். சிரிக்காமல், "கெடுதல் ஒண்ணும் பண்ணலம்மா. ஆனா முன்னாடியே வந்திருக்கணும்" என்றார்.

பெர்கிஸ் என்னைச் சந்தேகப்பட்டார், உண்மைதான். அவருக்கு நான் யார்? வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெண். பசு நோயில் விழுந்த கவலையில் கத்தினார். தவறு என்று தெரிந்ததும் நடந்து வந்து சொன்னார். நீ என்னைக் கைப்பிடித்தவன். உனக்கு நான் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். எத்தனை தாள்!

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், சொன்னேன். துணியை இழுத்த நேரமெல்லாம் வாய் ஓயாமல் சொன்னேன்: "கண்ணைத் திறடி, என் கண்ணே. அப்பா வரும்போது அடையாளம் தெரிய வேண்டாமா, கண்ணைத் திறடி." எனக்குத் தெரிந்த மந்திரம் அவ்வளவுதான். இனி நீ நிம்மதியாகத் தூங்கலாம்.

இங்கே ஒரு சலவைக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. லீபாஸுக்குத் திரும்ப மாட்டேன். விடுப்பில் வந்தால் வெல்டாவைப் பார். தவழ்கிறாள், எதைப் பார்த்தாலும் பிடிக்கப் போகிறாள். பகலில் வா. நான் வேலைக்குப் போயிருப்பேன். அக்கா கதவைத் திறப்பாள்.

ஸெல்மா