தெளிவில்லை என்று எழுதிய தொண்ணூற்று நாலு சொற்கள்

ஞாயிறு, காலை பத்து மணி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

உன் மனைவி நேற்று மூன்றாவது முறையாக ஆங்கிலப் பேச்சுத் தேர்வை எழுதி முடித்தாள். எழுதி என்பது பழக்கத்தில் வந்துவிட்டது, பேசி முடித்தாள். மூன்று பத்துக்கு உள்ளே அழைத்தார்கள், மூன்று இருபத்தைந்துக்கு வெளியே வந்தாள். தேர்வு மையத்தின் வாசலில் நின்று நானே பார்த்தது இவ்வளவு. முடிவு வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மின்னஞ்சலில் வரும் என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண் சொன்னார். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

சாயங்காலம் போனில் உன்னிடம் "நல்லாதான் போச்சு" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடம் மையத்துப் படிக்கட்டில் சொன்னது வேறு. வீட்டில் பிடித்த இடம் எது என்று கேட்டிருக்கிறார்கள். நம் சமையலறையைப் பற்றித் தொடங்கியிருக்கிறாள். பாதியில் 'ரூம்' என்ற சொல்லின் முடிவில் உதடு மூடியதா இல்லையா என்று யோசித்ததில் வாக்கியமே நழுவிப் போய்விட்டதாம். "நாலு செகண்டு இருக்கும் மாமா. கேள்வி கேட்ட அந்த அம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாங்க" என்றாள். பிறகு விட்ட இடத்தைப் பிடித்துக் கடைசிவரை பேசியிருக்கிறாள். நாலு நொடி பெரிதா சிறிதா என்று எனக்குத் தெரியாது. பயிற்சி மையத்து டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஐயா, மார்க் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

ஏன் நின்றாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அதற்காகத்தான் போனை விட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. லிப்ட் இன்னும் சரியாகவில்லை, மூன்று மாடியும் ஏறித்தான் வருகிறோம். குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று. என் ரத்த அழுத்தம் பரவாயில்லை. அவளுக்கு இந்த வாரம் முழுக்க இரவு டியூட்டி, காலை எட்டரைக்குத்தான் வருகிறாள். இப்போது உள்ளறையில் தூங்குகிறாள். எழுந்திருப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

உனக்குத் தெரிந்ததையும் வரிசை கெடாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன். அங்கே உன்னிடம் வந்து நர்ஸ் வேலை பார்க்க வேண்டுமென்றால் இந்தத் தேர்வில் தேற வேண்டும். முதல் இரண்டு தேர்விலும் பேச்சில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்தது. டீச்சர் பத்து நிமிஷம் அவளைப் பேசவிட்டுக் கேட்டுவிட்டு, மூக்கொலிதான் கோளாறு என்றார். நாம் பேசும்போது 'வர்றோம், போறோம்' என்று எழுத்தில் 'ம்' வைக்கிறோமே தவிர, உதட்டை மூடுவதில்லை. ஒலி மூக்கு வழியாகப் போய்க் கரைந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே செய்கிறோம். இன்னொரு பக்கம் 'மார்னிங்' என்று நிற்க வேண்டியதை 'மார்னிங்கு' என்று வால் வைத்து முடிக்கிறோம். "ஆறு மெல்லின எழுத்து வச்சிருக்கோம், ஒண்ணையாவது முழுசா முடிக்கிறோமா?" என்று டீச்சர் சிரித்திருக்கிறார். பிறகு சிரிக்காமல், அங்கே போனில் டாக்டர் மருந்தளவு கேட்பார், நீ 'ஃபிஃப்டீன்' என்று சொல்லி முடிவில் 'ன்'னை விழுங்கினால் அவர் காதில் ஐம்பது என்று விழும், அந்த நோயாளியின் கதி என்ன என்று கேட்டிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. நர்ஸாக ஒன்பது வருஷம், ஒரு மருந்துகூட மாற்றிக் கொடுத்ததில்லை.

அப்போதுதான் நான் முன்வந்தேன். நான் பத்திரிகை நிருபராக வெளியூரிலிருந்து ஆபீசுக்குப் போனில் செய்தி சொல்லும் காலத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பக்கம் எழுதுகிறவர் முழுவதையும் திருப்பி வாசிக்க வேண்டும். வாசித்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அதையே வைத்துக்கொண்டோம். டீச்சர் கொடுத்த பட்டியலில் இருந்து நாளுக்கு நாற்பது சொல். அவள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் போனுக்குக் கூப்பிடுவாள். நான் கூடத்தில் உட்கார்ந்து, பட்டியலைப் பார்க்காமல், காதில் விழுந்ததை நோட்டில் எழுதித் திருப்பி வாசிப்பேன். சரியாக வந்தால் டிக். இல்லாவிட்டால் 'தெளிவில்லை'.

முதல் வாரம் நாற்பதுக்குப் பத்தொன்பது. "மாமா, உங்களுக்குக் காது கேக்குதா, இல்ல என்னை ஓட்டுறீங்களா?" என்று கதவைத் திறந்து சண்டைக்கு வருவாள். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, மூடியது தெரிகிற வரைக்கும் விடாமல் 'ம்' சொல்வாள். வார்டில்கூட அந்தப் பழக்கம் வந்துவிட, கூட வேலை செய்கிற நர்ஸ் "என்னடி, ரேடியோல செய்தி வாசிக்கிறியா?" என்று கிண்டல் பண்ணியிருக்கிறாள். அந்தக் கிண்டலை எனக்கு நடித்துக் காட்டிச் சிரித்தாள். ஆறாவது வாரம் முப்பத்தாறு வந்தது. உன் அம்மா போன பிறகு இந்தக் கூடத்தில் அவ்வளவு சத்தம் அந்த ஆறு வாரத்தில்தான் இருந்தது.

எங்களுக்குள் ஒரு கணக்கு பேசியிருந்தோம். மூன்று நாள் தொடர்ந்து முப்பத்தெட்டோ அதற்கு மேலோ வந்தால் தேர்வுக்குப் பதிந்துவிடுவது என்று. முதல் நாள் முப்பத்தொன்பது. இரண்டாம் நாள் முப்பத்தெட்டு. மூன்றாம் நாள் காலை என் கண்ணாடியைத் தேடி அவள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஒரு தாள் இருந்தது. மேலே 'மாமாவைப் பார்த்துக்கப் போறவங்களுக்கு' என்று எழுதியிருந்தாள். காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது, காபிக்குச் சர்க்கரை எவ்வளவு, கோபம் வந்தால் பதில் பேசாமல் பத்து நிமிஷம் விட்டுவிட வேண்டும், பேப்பரை அவர் படிக்கும் முன் யாரும் பிரிக்கக் கூடாது. பதினான்கு வரி. ஒரு வரிகூடத் தப்பில்லை. மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நாற்பது சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நாற்பதும். நோட்டில் முப்பத்து மூன்று என்று எழுதினேன். ஏழு சொற்களுக்கு எதிரே 'தெளிவில்லை' என்று போட்டேன்.

என் காது மந்தமோ என்று உனக்குத் தோன்றலாம். இல்லை. நன்றாகக் கேட்டு, கேட்கவில்லை என்று எழுதினேன். நாற்பத்தோரு வருஷ வேலையில் கேட்காததைக் கேட்டதாக நான் எழுதியதில்லை. இது அதன் மறுபக்கம், அவ்வளவுதான்.

ஒரு நாளோடு நிற்கவில்லை. நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பதினேழு நாள், தொண்ணூற்று நாலு சொற்கள். ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் ஏழு. எந்தச் சொல்லை எடுத்தால் அவள் நம்புவாள் என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது. 'சிங்', 'லங்', 'டங்' என்று முன்பு வழுக்கிய சொற்களையே எடுத்தேன். அந்தப் பதினேழு நாளுக்குள் அருகில் இருந்த தேர்வுத் தேதி கைவிட்டுப் போனது. அங்கே முதலில் வேலை தருவதாக இருந்த ஆஸ்பத்திரி மாதக் கடைசிவரை பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. "அவசரப்பட்டுப் போய் மறுபடி தோக்கிறதுக்கு இது பரவால்ல மாமா" என்று எனக்கு அவள் ஆறுதல் சொன்னாள். உன்னிடம் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் அழவில்லை.

அதற்குப் பிறகு சண்டைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கதவைத் திறந்து நோட்டைப் பார்ப்பாள், போய்விடுவாள். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். பதினேழாம் நாள் டியூட்டி முடிந்து தாமதமாக வந்தாள். எங்கே போனாய் என்று கேட்டதற்கு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன் என்றாள். மூக்கில் குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, மூக்கு நுனி சிவந்திருந்தது. ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டர், "நல்லாத்தானே பேசுறீங்க, யாரும்மா உங்களுக்குத் தெளிவில்லைன்னு சொன்னது?" என்று கேட்டாராம்.

"எங்க மாமா டாக்டர். அவர் காது தப்பாது" என்று சொன்னாளாம். இதை எனக்குப் பெருமையாகத்தான் சொன்னாள்.

மறுநாளிலிருந்து உள்ளதை உள்ளபடி எழுதினேன். நாற்பது, நாற்பது, முப்பத்தொன்பது, நாற்பது. சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நாலாம் நாள் நோட்டைப் பார்த்துவிட்டு, "பாவம் பாத்துப் போடாதீங்க மாமா. உண்மைய எழுதுங்க" என்றாள். உண்மையைத்தான் எழுதுகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். நம்பவில்லை. பொய்யை எழுதியபோது முழுசாக நம்பினவள், உண்மையைக் கருணை என்று எடுத்துக்கொண்டாள். அன்றோடு நோட்டுப் பயிற்சி நின்றது. தனியாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் உதட்டைக் கவனித்துக்கொண்டே பேசப் பழகிவிட்டாள். தமிழிலும் அப்படித்தான். "வந்துட்டோம்" என்று என்னிடம் சொல்லும்போதுகூட அந்த 'ம்'மில் ஒரு கணம் நிற்கிறாள். நேற்றைய நாலு நொடி அங்கிருந்து வந்தது. என் நோட்டிலிருந்து.

தேர்வுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று நீ கேட்பாய். சொல்லப் போனேன். அவள் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவளைக் கலைக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டு திரும்பிவிட்டேன். அது அவளுக்கான நியாயமா எனக்கானதா என்று இன்னும் எனக்கே தெளிவாகவில்லை.

இந்த முறை எதெல்லாம் இதில் தொங்குகிறது என்பது உனக்குத் தெரியும். இரண்டாவது ஆஸ்பத்திரி அவளுக்காக இந்த மாதம் முடியும்வரைதான் இடம் வைத்திருக்கிறது. மதிப்பெண் வராவிட்டால் அடுத்த ஆள் எடுப்பு அடுத்த வருஷம். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நீங்கள் சேர்ந்து இருந்தது பதினொரு மாதம். அதையும் எண்ணித்தான் வைத்திருக்கிறேன். எண்ணிவிட்டுத்தான் அதைச் செய்தேன்.

இதை உனக்கு முதலில் எழுதுவது, அவளிடம் சொல்லாமல் தப்பிக்க இல்லை. பின்வாங்குவது எனக்குப் பழக்கமாகிவிட்டது, அதனால்தான். கடிதம் உன் கைக்கு வந்துவிட்டால் எனக்கு வேறு வழி இருக்காது. நாளைக் காலை கூரியரில் கொடுக்கிறேன், வியாழக்கிழமை சேரும் என்கிறார்கள். வந்ததும் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடாதே. அது என் வேலை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அவள் டியூட்டி முடிந்து வருவாள். முகம் கழுவிக் காபி குடித்ததும் நோட்டைக் கையில் கொடுத்துச் சொல்லிவிடுவேன். முடிவு வருவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். தேறின பிறகு சொன்னால் அவள் சிரித்து மறந்துவிடுவாள், எனக்கு அது சுலபம். தேறாமல் போன பிறகு சொன்னால் அதையும் பாவம் பார்த்துச் சொல்வதாக எடுத்துக்கொள்வாள். இரண்டுக்கும் இடம் கொடுக்காத நேரம் அன்று எட்டரையிலிருந்து பன்னிரண்டுக்குள்தான்.

அதற்கு மேல் என்ன நடக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னோடு பேசாமல் இருக்கலாம். பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போகலாம். போனால் தடுக்க மாட்டேன், ஆட்டோ பிடித்து ஏற்றிவிடுவேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், தம்பி. அன்று அவள் உன்னைக் கூப்பிட்டால் குறுக்கே பேசாதே. அப்பாவுக்கு வயசாயிடுச்சு, தனியா இருக்கார் என்று எனக்காக ஒரு வார்த்தை சொல்லாதே. திட்டட்டும், முழுசாகத் திட்டட்டும், நடுவில் நிற்காமல். அவள் வாக்கியத்தை அவளே முடிக்கட்டும். நீ கேட்டுக்கொண்டு மட்டும் இரு.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் விளக்கேற்றி நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா

பி.கு.: இதை மூடும்போது அவள் எழுந்துவிட்டாள். இன்றைக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டாள். நானே சமைத்துவிட்டேன் என்று சொன்னேன். இன்னும் இல்லை, இனிமேல்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான்தான் சமைக்கப் போகிறேன்.