ஒரு காமெரா, மூன்று நிமிடம்

பலெர்மோ
24.03.2025

அன்பு மகள் சிவானுஜாவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் மருமகன் கஜானனும் சுகமாயிருக்க வேண்டும். போன ஆவணியில் உன் கலியாணம் முடிந்து லண்டனிலிருந்து புறப்படும்போது, இனி உன்னோடு போனில் கதைக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். கடிதம் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே என் சொல் அப்படியே நிற்கிறது.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. பல்லரோச் சந்தைக்கு நடந்துபோய் மீன்காரனோடு சண்டை பிடித்துவிட்டுத் திரும்பி வருகிற அளவுக்கு இருக்கிறது.

செய்தி இதுதான். அம்மா வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவின் மகள் கிளறா, படம் இயக்க விரும்புகிறவர்களுக்கான பயிற்சிப் பட்டறையில் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஆறு சனிக்கிழமை, பத்துப் பேர். எனக்கு அறுபத்துமூன்று. எனக்கு அடுத்த மூத்தவனுக்கு இருபத்தெட்டு. ஆசிரியை எமிலியானாவோடு முதல் நாளே பிரச்சினை. காட்சி சரிவராவிட்டால் திரும்ப எடுக்கலாம் என்றார். தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க ஏலாது, கலியாண வீடியோ எடுத்த இருபத்திரண்டு வருசத்தில் ஒரு தாலியும் நான் தவறவிட்டதில்லை என்றேன். யாரிடமும் படிக்காமல் நானே பழகிய வேலை. விட்டுக்கொடுக்க முடியாது.

அன்று வீட்டுவேலை தந்தார். ஒரு காமெரா, மூன்று நிமிடம். ஹோட்டலில் பத்தொன்பது வருசம் காமெரா காமெராவாகத் துடைத்தவனுக்கு அந்தச் சொல் இத்தாலியனில் அறை என்று தெரியாதா? ஆனால் படம் படிக்கிற இடத்தில் எவன் அறையை நினைப்பான்? மற்றவர்கள் வெறும் அறைகளை எடுத்து வந்தார்கள். நான் என் பழைய கமராவைச் சமையலறை மேசையில் வைத்து, அதைப் போனில் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா தைத்த தோள்பட்டி, ஆறு வயதில் நீ ஒட்டிய பட்டாம்பூச்சி, என் புருவம் பட்டுத் தேய்ந்த றப்பர். பிள்ளைகள் சிரித்தார்கள். எமிலியானா சிரிக்கவில்லை. இதையே கடைசிப் படமாகச் செய்யுங்கள், ஆனால் பின்னால் நிற்கிற மனிதர் எங்கே என்று கேட்டார். கமராக்காரன் படத்தில் வருவதில்லை, அதுதான் முறை என்று அரை மணித்தியாலம் வாதாடினேன். அவரும் விடவில்லை.

ஒரு கிழமையாக வீட்டிலுள்ள உன் கசற்றுகள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் நான் இல்லை. "சிவா, இஞ்சை பார்" என்ற குரல் மட்டும் கேட்கிறது. நீ திரும்பிப் பார்க்கிறாய். பத்தாவது பிறந்தநாளில் கேக் வெட்டப் போகும்போது, "பப்பா, வியேனி, நீங்களும் வாங்கோ" என்று இத்தாலியனும் தமிழுமாகக் கூப்பிடுகிறாய். "நான் வந்தால் ஆர் பிள்ளை வீடியோ எடுக்கிறது?" என்கிறேன். நீ கத்தியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறாய். பிறகுதான் வெட்டுகிறாய். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஞாபகமே இருக்கவில்லை.

கலியாணத்தன்றும் மண்டப வாசலில், "அப்பா, இண்டைக்குக் கமராவைத் தூக்காதேங்கோ, அதுக்கு ஆக்கள் இருக்கினம், நீங்கள் எனக்குப் பக்கத்திலை நில்லுங்கோ" என்றாய். ஊர்க் கலியாணமெல்லாம் எடுத்தவனைச் சொந்த மகளின் கலியாணத்தில் கைகட்டி நிற்க வைத்தாய். அது பிழைதான். இப்போதும் சொல்கிறேன். ஆனால் பக்கத்தில் என்று நீ சொன்னது அன்று என் காதில் விழவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 12 படங்களைக் காட்டுகிறார்கள். என்னுடையதில் கடைசிக் காட்சி மட்டும் இன்னும் இல்லை. நீ அனுப்பிய கலியாண வீடியோ என் போனில் கிடக்கிறது. அதைப் பார்க்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மூன்று மணித்தியாலமும் பார்க்க மாட்டேன்தான். நான் உன் பக்கத்தில் நிற்கிற இடம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று மட்டும் சொல்லு. அதை மட்டும் பார்ப்பேன்.

கடிதம் போட நேரமில்லாவிட்டால் அம்மாவின் போனுக்கு எடு. நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

நீயும் அவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் பிள்ளை.

அப்பா
சோதிலிங்கம்