படத்தில் இல்லாத பெட்டி

என் உயிரான மலர் அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா வாசலில் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நான் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறேன். என்ன ஆகப் போகிறாய் என்று டீச்சர் கேட்டபோது, "எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட்" என்றேன். "அப்டின்னா இன்னாடி?" என்று பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். நீ சொன்னதைத்தான் சொன்னேன். ஒரு பெரிய கம்பெனியில் எத்தனையோ கம்ப்யூட்டர் வேலைகள் ஓடும். எது எதை நம்பி நிற்கிறது, எது நின்றால் எது விழும் என்று எல்லாவற்றையும் ஒரே படமாகப் பார்த்து, எதை எப்படி மாற்றலாம் என்று சொல்கிறவர்.

பொங்கல் லீவில் நீ நோட்டில் பெட்டிகளும் கோடுகளும் போட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா? அப்பா எட்டிப் பார்த்தார். "இந்தக் கட்டம் போடவா பெங்களூர்ல சம்பளம் தர்றாங்க? நம்ம ஜோசியரும் இதானே போடறாரு."

"அவரு நடக்கப் போறத போடறாருப்பா. நான் நடக்கறத போடறேன்" என்றாய். அம்மாவுக்குப் புரை ஏறும்வரை சிரித்தோம். நம் வீட்டில் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

அன்றைக்குத்தான் உன் வேலைக்கு எப்படி வருவது என்று கேட்டேன். "படிச்சு முடிச்சதும் இத யாரும் தூக்கிக் குடுக்க மாட்டாங்கடி. நான் மொதல்ல புகார் போன் எடுத்துட்டு இருந்தேன். அப்புறம் ப்ரோக்ராம் எழுதினேன். எது ஒடஞ்சாலும், ஏன் ஒடஞ்சுதுன்னு அடுத்த டீம் வரைக்கும் போய்க் கேப்பேன். கேட்டுக் கேட்டுதான் இங்க வந்தேன்." பென்சிலை என் கையில் கொடுத்தாய். "இப்பவே ஆரம்பிக்கணுமா? நம்ம வூட்ட வரை. இருக்கறத இருக்கற மாதிரியே. எப்டி இருக்கணும்ங்கற படம் ரெண்டாவதுதான். உறுதியா தெரிஞ்சா மட்டும் பேனால போடு."

வரைந்தேன். அப்பாவின் போன் என்று நான் போட்டிருந்த பெட்டி மேல் நீ விரலை வைத்தாய். "ஜீப்காரர் நம்பரு, நர்ஸம்மா நம்பரு, எல்லாம் இந்த ஒரு பொட்டில தொங்குது பாரு. இது நின்னா?" உன் போனுக்கு நம் மலையில் சிக்னலே கிடையாது.

அதற்கு மறுநாளே அது நின்றது.

சாயங்காலம், விறகு எடுக்கப் போன இடத்தில் உன்னை விரியன் கடித்தது. ஊரில் பாதிப் பேர், போன் வைத்திருந்தவர்கள் எல்லாம், எருது விடும் விழாவுக்குக் கீழே போயிருந்தார்கள். மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. அப்பா போனை எடுத்தார். அணைந்திருந்தது. அடுத்த மேட்டைத் தாண்டி ஜீப்காரர் வீட்டுக்கு ஓடினார். "அதுக்குள்ள வந்துருவாருடி, பயப்படாத" என்று நீதான் எனக்குச் சொன்னாய். ஜீப் வந்தபோது உன் கால் தொடைவரை வீங்கியிருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

"பழைய போனு, சார்ஜே நிக்காது. மாத்துப்பான்னு எத்தினி தடவ சொன்னா எம் பொண்ணு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்கிறார். சொல்லிவிட்டு நெஞ்சில் அடித்துக்கொள்கிறார். இப்போது புதுப் போன் இருக்கிறது. ஜீப்காரர் நம்பரைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார். அவருக்குச் சோறு இறங்குவதில்லை அக்கா.

போன் பழசுதான். ஆனால் அன்று அதில் சார்ஜ் இருந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் வீடியோ பார்த்தேன். கரண்ட் இல்லை என்று தெரியும். சிவப்புக் கோடு வந்த பிறகும் பார்த்தேன். அணைந்ததும் சத்தமில்லாமல் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தேன். இது யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்ததா?

சொன்னால் அப்பா என்ன செய்வார்? அடித்தால் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டால்? இனி என் முகத்தையே பார்க்காவிட்டால்?

அன்றைய நாளை உன் நோட்டில் ஏழு முறை வரைந்துவிட்டேன். வீடு, கரண்ட், போன், ஜீப், ஆஸ்பத்திரி. ஒவ்வொரு முறையும் போனுக்கு முன்னால் ஒரு இடத்தைக் காலியாக விட்டேன். அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் அப்பாவைத்தான் குற்றம் சொல்வார்கள். அப்பாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை மறைத்துக்கொண்டு நான் எந்தக் கம்பெனியின் படத்தை உள்ளபடி வரையப் போகிறேன்?

இப்போது அந்த இடத்தில் ஒரு பெட்டி போட்டு, என் பெயரை எழுதி, போனுக்குக் கோடு இழுத்துவிட்டேன். பேனாவால். போர்வைக்குள் போட்டதில் கோடு வளைந்திருக்கிறது.

விடிந்ததும் அப்பா டீ குடிக்க உட்காருவார். அவர் கையில் நோட்டைக் கொடுப்பேன். ஓட மாட்டேன், எதிரிலேயே நிற்பேன். அதற்குப் பிறகு படிக்க விட்டால், நீ சொன்ன இடத்திலிருந்து ஆரம்பிப்பேன். விடாவிட்டாலும் அந்தப் பெட்டியை அழிக்க மாட்டேன். இது உனக்கு என் சத்தியம்.

அப்பா மறுபடி இருமுகிறார். விளக்கை அணைக்கிறேன்.

உனக்குப் பின் பிறந்த,
செல்வி