உதிர்ந்த புள்ளி

அன்பு மகளுக்கு,

"நான் என்ன செஞ்சாலும் உனக்குத் தப்புதான் தெரியும்" என்று சொல்லிச் சென்ற நீ, மூன்று கிறிஸ்துமஸ்களாக இல்லம் திரும்பவில்லை. அதைக் குறித்து எழுத நான் அமரவில்லை.

மரத்தில் தொங்கவிட இன்று அட்டை நட்சத்திரங்கள் வெட்டினேன். ஒன்றின்மேல் கம்பளி நூலால் 'அம்மா' என எழுத்தமைத்து ஒட்டி, மெய்யெழுத்தின் தலையில் புள்ளியாக ஒரு ஜிகினாப் பொட்டு வைத்தேன். தூக்கிப் பிடித்ததும் பொட்டு உதிர்ந்துவிட்டது.

எட்டு வயதில் நீயும் இப்படியொரு நட்சத்திரம் செய்து தந்தாய். அதில் 'அமமா' என்றிருந்தது. விருந்தினர் முன்னிலையில் சிவப்பு மையால் புள்ளியிட்டுத் திருத்தினேன். "நான் வெச்சேம்மா, பசை விட்டுடுச்சு" என்று அழுதாய். "பிழையும் பண்ணிட்டு, பசை மேல பழியா?" என்றேன்; எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடம் காணாமலே எழுத்துக் கற்றவள் என்னும் செருக்கு எனக்கு.

மகளே, நீ அன்று உரைத்தது உண்மை. என்னை மன்னிப்பாயாக.

உதிர்ந்த பொட்டைச் சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். நட்சத்திரத்தை அப்படியே மரத்தில் மாட்டிவிட்டேன். நான் திருத்தப் போவதில்லை. நீ வந்து ஒட்டு.

இப்படிக்கு,
உன் அமமா